அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை, தயவுசெய்து கழுவாதீர்கள்

மறுபடியும் அதே கதை. லண்டனின் கிழக்குப் பக்கத்தில் விக்டோரியா காலத்துச் செங்கல் தேவாலயம் ஒன்று. ஞாயிறு பிற்பகல்களில் நம் தமிழ்ச் சபை ஒன்று அங்கே ஆராதனைக்குக் கூடுகிறது. ‘இடம் கொடுத்திருக்கிறார்கள், நம்மால் ஆனதைச் செய்வோம்’ என்று சபை வாலிபர்கள் சனிக்கிழமைகளில் உழைத்திருக்கிறார்கள். வாசல் முகப்பை பிரஷர் வாஷரால் கழுவினார்கள். செங்கல் இடுக்குகளை கிரைண்டரால் கீறி, சிமென்ட் பாயிண்டிங் வைத்தார்கள், அதாவது இடுக்குகளைச் சிமென்டால் அடைத்தார்கள். கடைசியாக, மழை இறங்காமல் இருக்க சிலிக்கான் கோட்டிங் அடித்தார்கள். அந்த ஊர் குருவானவரும் ரொம்ப நன்றி என்று தலையாட்டிவிட்டார். சில குளிர்காலங்கள் போயின. இப்போது செங்கல்லின் முகம் ஏடு ஏடாகப் பெயர்ந்து வாசற்படியில் விழுகிறது.

என்னைக் கூப்பிட்ட சபைச் செயலர் சொன்னார்: “செங்கல்லே மட்டம் போல சார். அந்தக் காலத்துலேயே காண்ட்ராக்டர் ஏமாத்திட்டான்.”

நூறு வருஷத்துக்கு மேல் மழையிலும் பனியிலும் கரிப்புகையிலும் நின்ற செங்கல் மட்டமாம். அதற்கு மேலே சில வருஷத்துக்கு முன் பூசிய சிமென்ட் மட்டும் உசத்தியாம்!

பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பதுதான் என் தொழில். இந்த மாதிரிச் சேதத்தைப் பார்க்கும்போதெல்லாம் நான் சொல்வது ஒன்றுதான்: அடுத்த முறை ஆக்ஸ்ஃபோர்ட் சர்க்கஸ் பக்கம் துணி வாங்கப் போகும்போது, கடைத்தெருவை விட்டு வடக்கே இரண்டு திருப்பம் நடந்து, மார்கரெட் தெருவில் உள்ள ஆல் செயின்ட்ஸ் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். பழைய செங்கல் என்றால் என்ன, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று என் அறிக்கைகளைவிட அந்தச் சுவர் தெளிவாகச் சொல்லும்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன், இல்லாவிட்டால் கட்டடமே புரியாது. உள்ளே போனதும் தூப வாசனை, மாதா சொரூபம், பீடத்தின் மேல் மெழுகுவர்த்தி வரிசை. “இது ஆர்.சி. கோயில்தானே?” என்று எல்லாரும் கேட்பார்கள். இல்லை. இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த ஆங்கிலிக்கன் தேவாலயம்தான், அதற்குள் ஆங்கிலோ-கத்தோலிக்கம் என்ற மரபு. 1833-இல் ஜான் கீபிள் என்ற குருவானவர் ஆக்ஸ்ஃபோர்டில் செய்த பிரசங்கத்திலிருந்து ஆரம்பித்த இயக்கம் அது. பதினாறாம் நூற்றாண்டு மதச் சீர்திருத்தத்தில் கழற்றிப் போட்ட பழைய சடங்குகளையும் அழகையும் மறுபடி கொண்டுவரவேண்டும் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. எதிர்ப்பும் சாதாரணமானதல்ல. இந்தச் சடங்குகளை அடக்கவே 1874-இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அதன் கீழ் 1877-இல் ஆர்தர் டூத் என்ற குருவானவர் சிறைக்கே போனார். திருநெல்வேலிப் பக்கம் எஸ்.பி.ஜி., சி.எம்.எஸ். என்ற இரண்டு ஆங்கில மிஷன் சங்கங்களின் சபைகளுக்கு நடுவே இருந்த பழைய வித்தியாசம் வீட்டில் காதில் விழுந்து வளர்ந்தவர்களுக்கு இதன் சாயல் கொஞ்சம் பிடிபடும்.

சரி, கட்டடத்துக்கு வருவோம்.

ஆக்ஸ்ஃபோர்ட் கூட்டம் இறையியலைப் பார்த்துக்கொண்டது என்றால், கேம்பிரிட்ஜில் 1839-இல் தொடங்கிய ஒரு சங்கம் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டது. தேவாலயம் எப்படி இருக்கவேண்டும், பீடம் எவ்வளவு உயரத்தில் இருக்கவேண்டும் என்று ஊர் ஊராகப் போய்த் திட்டிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். பிறகு இந்தச் சங்கத்துக்கு எக்லீசியாலஜிகல் சொசைட்டி என்று பெயர் மாறியது. சும்மா திட்டிக்கொண்டே இருக்க முடியாதல்லவா, மாதிரித் தேவாலயம் ஒன்று கட்டிக் காட்டுவோம் என்று முடிவெடுத்தார்கள். அதுதான் ஆல் செயின்ட்ஸ். அங்கே முன்பு இருந்த மார்கரெட் சேப்பல் என்ற சிறிய ஆலயத்தை இடித்துவிட்டு, 1850-இல் சகல பரிசுத்தவான்கள் திருநாளன்று ஆக்ஸ்ஃபோர்ட் இயக்கத் தலைவர்களில் ஒருவரான எட்வர்ட் பூசி அடிக்கல் வைத்தார். பிரதிஷ்டை ஆனது 1859 மே 28-இல். நிலம் உட்பட எல்லாம் சேர்த்துச் செலவு ஏறக்குறைய 70,000 பவுண்ட். அந்தக் காலத்துப் பணத்தில். வரைந்த கட்டடக்கலைஞர் வில்லியம் பட்டர்ஃபீல்ட்.

பட்டர்ஃபீல்டுக்குக் கொடுத்த மனையைப் பாருங்கள்: ஏறக்குறைய நூறடிக்கு நூறடி, அவ்வளவுதான். அதற்குள் தேவாலயம், குருமனை, பாடகர் பள்ளி மூன்றும் வரவேண்டும். சுற்றிலும் அடுத்தவர் கட்டடங்கள். கல்லறைத் தோட்டத்துக்கோ புல்வெளிக்கோ இடமில்லை. மனிதர் என்ன செய்தார் என்றால், தெருவை ஒட்டி இரண்டு பக்கமும் குருமனையையும் பள்ளியையும் உயரமாக நிறுத்தி, நடுவில் ஒரு சின்ன முற்றத்தை விட்டு, தேவாலயத்தை உள்ளே தள்ளிவிட்டார். வாசல் வளைவைத் தாண்டி முற்றத்துக்குள் வந்தால்தான் கோபுரம் தலைக்கு மேலே நேராக ஏறுவது தெரியும். 227 அடி. வெஸ்ட்மின்ஸ்டர் அபியின் இரட்டைக் கோபுரங்களைவிட உயரம். தெருவில் நடப்பவர்களில் பாதிப்பேர் அதைக் கவனிக்காமலே போய்விடுகிறார்கள் என்பது வேறு விஷயம். அந்தப் பள்ளி 1968-இல் மூடப்பட்டது. அங்கே பாடகர் சிறுவனாகப் படித்தவர்களில் ஒருவர் நடிகர் லாரன்ஸ் ஒலிவியே.

கிழக்குச் சுவருக்குப் பின்னால் அடுத்தவர் கட்டடம் இருப்பதால், பீடத்துக்கு மேலே ஜன்னல் வைக்க வழியில்லை. வழக்கமாக இங்கிலாந்துத் தேவாலயங்களில் கண்ணாடி ஓவியம் ஒளிரும் இடம் அது. ஜன்னல் இல்லையா, சுவரையே ஓவியமாக்கு என்று வில்லியம் டைஸ் என்ற ஓவியரிடம் கொடுத்தார்கள். வடக்குச் சுவரும் அப்படித்தான், வெளிச்சம் வராத குருட்டுச் சுவர். அங்கே 1873-இல் ஓட்டுச் சித்திரங்களைப் பதித்தார்கள். பட்டர்ஃபீல்ட் வடிவமைத்து, அலெக்சாண்டர் கிப்ஸ் வரைந்து, சூளையில் சுட்டு எடுத்த பளிங்கு போன்ற ஓடுகள். பழைய ஏற்பாட்டுக் காட்சிகள், நடுவில் இயேசு பிறப்பு, ஆதித் திருச்சபைப் பிதாக்கள். சுவர் முழுக்க.

இந்த இரண்டு சுவருக்கும் பிறகு என்ன ஆனது என்பதுதான் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குப் பாடம். டைஸின் சுவரோவியம் ஐம்பது வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை, சிதைந்துபோனது. 1909-இல் நினியன் காம்பர் என்ற கட்டடக்கலைஞர் வந்து, தங்கப் பூச்சுள்ள பலகைகளில் அதைப் புதிதாக எழுதவேண்டியிருந்தது. நாம் இன்று பார்ப்பது காம்பரின் வேலை. வடக்குச் சுவரின் ஓடுகளோ நூற்றைம்பது வருஷம் தாண்டி அப்படியே நிற்கின்றன. பட்டர்ஃபீல்டுக்குத் தன் ஊரின் காற்று தெரிந்திருந்தது. நிறம் வேண்டுமென்றால் பூசாதே, கட்டு. நிறமுள்ள பொருளையே சுவராக்கு. மெருகேற்றிய சிவப்பு கிரானைட் தூண்கள், பளிங்குப் பதிப்பு, சுட்ட ஓடு, வெளியே செங்கல்.

இப்போது அந்தச் செங்கல்லைப் பாருங்கள். இளஞ்சிவப்புச் செங்கல் சுவரில் கறுப்புச் செங்கல் பட்டைகள் கிடையாக ஓடுகின்றன. சில இடங்களில் கோலம் போட்டது மாதிரி நெளிநெளியாக, கட்டம் கட்டமாக. நடுநடுவே வெளிர் கல் பட்டை. லண்டனின் பெரிய தேவாலயம் என்றால் கல்லில்தான் கட்டவேண்டும் என்று எல்லாரும் நினைத்த காலத்தில், கட்டடக்காரன் வீட்டுக்குப் போடும் செங்கல்லை எடுத்து, அதையே ஆபரணமாக்கிக் காட்டினார். செங்கல் என்றதும் சிக்கனம் என்று நினைக்கவேண்டாம், அவர் கேட்ட தரத்தில் வாங்கியதால் கல்லைவிடச் செலவு கூடியது என்பார்கள். பார்த்தவர்களில் ஒரு பகுதியினர் முகம் சுளித்தார்கள். கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் மெச்சினார். அதன்பின் இங்கிலாந்து முழுக்க, பிறகு மெல்போர்ன் வரை, வரிபோட்ட செங்கல் தேவாலயங்கள் முளைத்தன. நம் சபைகள் இன்று லண்டன் புறநகரில் வாடகைக்குக் கூடுகிற தேவாலயங்களில் பல இந்த வம்சம்தான்.

கறுப்பு என்பது அந்தச் சுவரில் வேண்டுமென்றே வைத்த நிறம். அதனால்தான் பிரஷர் வாஷரைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. நான் பார்த்த ஒரு கோயிலில் கறுப்புச் செங்கல் பட்டையைக் கரி என்று நினைத்து, ஒரு நல்லவர் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தே மேல்தோலை எடுத்துவிட்டார். “பாருங்க சார், உள்ளே சிவப்பா இருக்கு” என்று சந்தோஷமாகக் காட்டினார். சூளைத் தீயில் செங்கல்லுக்குக் கிடைக்கும் கெட்டியான மேல்தோல் அது. மழையைத் தடுப்பதே அதுதான். அது போனால் திரும்ப வராது.

அப்படியானால் கரியே இல்லையா? இருக்கிறது, ஏராளமாக. நிலக்கரி எரித்த லண்டன் இது. 1952 டிசம்பர் புகைமூட்டத்துக்குப் பிறகுதான், 1956-இல் காற்றுத் தூய்மைச் சட்டமே வந்தது. அதற்கு முந்தைய நூறு வருஷப் புகையும் சுவர்களில் ஏறியிருக்கிறது. ஆனால் எது கரி, எது பட்டர்ஃபீல்ட் வழியில் வந்தவர் வைத்த கறுப்பு என்று ஏணியில் நின்று கண்ணாடி வைத்துப் பார்க்காமல் தெரியாது. கரியிலும் வேறுபாடு உண்டு. சுண்ணாம்புக்கல் பட்டையில் கரிப்புகை சேர்ந்து கெட்டியான கறுப்புப் பொருக்கு கட்டும், அது உள்ளே உள்ள கல்லைத் தின்னும், அதை நிபுணர் எடுக்கவேண்டும். செங்கல்லில் மெலிதாகப் படிந்த கரி பெரும்பாலும் யாருக்கும் எந்தத் தொந்தரவும் தராது. தொந்தரவு தராததைச் சுரண்டாதீர்கள். 1877-இல் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் பழைய கட்டடங்களைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார். அப்போது தேவாலயங்களைச் சுரண்டிப் புதிதாக்கும் மோகத்துக்கு எதிராகத்தான் தொடங்கினார். அதற்குச் செல்லப்பெயரே ‘ஆன்டி ஸ்க்ரேப்’, சுரண்டாதே என்று. அவர் சண்டை போட்டது புகழ்பெற்ற கட்டடக்கலைஞர்களோடு. நான் சண்டை போடுவது வாடகைக்கு எடுத்த பிரஷர் வாஷரோடு.

மணல் வீச்சு, ஆசிட் கழுவல் இரண்டும் பேச்சுக்கே இடமில்லை. யாராவது ‘பிரிக் கிளீனர்’ என்று ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு வந்தால், அதன் லேபிளில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கேனையும் ஆளையும் திருப்பி அனுப்புங்கள்.

அடுத்து என்னை அதிகம் எரிச்சலாக்கும் விஷயம். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘பழைய சுவர் என்றாலே தரையிலிருந்து ஓதம் ஏறும். சிமென்ட் பூசி, சுவரில் துளை போட்டு மருந்து ஊசி ஏற்றி அடைத்தால் நின்றுவிடும்.’ இந்த நம்பிக்கை தேவாலயக் கமிட்டியில் இருக்கிறது, ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் விக்டோரியா காலத்து வீடு வாங்கிய நம் ஆட்களிடமும் இருக்கிறது. எங்கிருந்து வந்தது? இலவசமாக வந்து பார்த்துவிட்டுப் போகும் கம்பெனிக்காரரிடமிருந்து. அவர் கையில் இரண்டு ஊசி வைத்த மீட்டர் ஒன்று இருக்கும். சுவரில் குத்துவார். சிவப்பு விளக்கு எரியும், பீப் சத்தம் வரும். “ரொம்ப மோசம்” என்பார். எஸ்டிமேட் வரும்.

அந்த மீட்டர் மரத்துக்குச் செய்தது. மரத்தில் எவ்வளவு ஈரம் என்று பார்க்க, இரண்டு ஊசிக்கும் நடுவில் எவ்வளவு மின்சாரம் கடக்கிறது என்று அளக்கிறது. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். சுவரில் மின்சாரம் கடக்க ஈரம்தான் வேண்டும் என்பதில்லை. பழைய காரையில் உப்பு சேர்ந்திருந்தால் கடக்கும். சுவரில் ஒட்டிய காகிதத்துக்குப் பின்னால் அலுமினியத் தகடு ஒட்டியிருந்தால் கடக்கும். விக்டோரியா கால லண்டனில் மணலுக்குப் பதில் நிலக்கரிச் சாம்பலைக் கலந்து கறுப்புச் சாந்து போட்டிருக்கிறார்கள். அந்தச் சாந்தில் கரி இருப்பதால், எலும்பாகக் காய்ந்திருந்தாலும் மீட்டர் கத்தும். நம்ப முடியவில்லையா? ஒரு காகிதத்தில் 6பி பென்சிலால் அழுத்தமாகக் கிறுக்கி, அதன் மேல் மீட்டர் ஊசிகளை வையுங்கள். உங்கள் காகிதத்துக்கு ‘ஓதம்’ என்று சிவப்பு விளக்கு எரியும். கமிட்டிக் கூட்டங்களில் நான் இதைச் செய்து காட்டுவது வழக்கம். வேறு எந்த விளக்கமும் இவ்வளவு சீக்கிரம் எடுபடுவதில்லை.

உண்மையான ஈரத்தை அளக்க, சுவரில் துளை போட்டு எடுத்த தூளை எடை பார்த்து, உலர்த்தி, மறுபடி எடை பார்க்கவேண்டும். யாரும் இலவசமாகச் செய்துதர மாட்டார்கள்.

அப்படி அளந்து உண்மையிலேயே ஈரம் இருந்தாலும், அது தரையிலிருந்து ஏறியது என்று எப்படித் தெரியும்? முதலில் தலையை மேலே தூக்கிப் பாருங்கள். ஆல் செயின்ட்ஸ் மாதிரி நகருக்குள் நெருக்கியடித்து நிற்கும் கோயில்களில் மழைநீர் ஓடும் கால்வாய்கள் சுவருக்குப் பின்னால், இரண்டு கூரைக்கு நடுவில், யார் கண்ணுக்கும் படாமல் இருக்கும். அங்கே ஒரு புறா கூடு கட்டினால் போதும். வார்ப்பிரும்புக் குழாய்கள் சுவரை ஒட்டி இறங்கும். அவை வெடிப்பது பெரும்பாலும் பின்பக்கம்தான், ஏனென்றால் பெயின்ட் அடிப்பவன் கை அங்கே போவதில்லை. நான் எப்போதும் ஒரு சின்ன முகக்கண்ணாடி வைத்திருப்பேன். குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் அதை நுழைத்து, டார்ச் அடித்துப் பார்த்தால், துரு வழிந்த கோடு தெரியும். அந்தக் கோடு ஒரு ஆயிரம் பவுண்ட் ஊசி மருந்தை மிச்சம் பிடித்துவிடும். அப்புறம் கீழே பாருங்கள். நூறு வருஷத்தில் தெரு மட்டம் ஏறியிருக்கும், யாரோ சுவர் ஓரமாக கான்கிரீட் கொட்டியிருப்பார்கள், உள்தரையைவிட வெளித்தரை உயர்ந்திருக்கும். தண்ணீர் போக வழியில்லாமல் சுவருக்குள் போகும். இதை வெட்டி இறக்கினாலே பாதி ஓதம் போய்விடும்.

மழை பெய்யும்போது போய்ப் பாருங்கள். குடை பிடித்துக்கொண்டு தேவாலயத்தைச் சுற்றி ஒரு சுற்று. எங்கே வழிகிறது என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். வெயிலடிக்கும் நாளில் எடுத்த படத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி “எங்க சார் லீக்?” என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

இப்போது சிமென்ட். பழைய செங்கல் கட்டடம் சுண்ணாம்புச் சாந்தில் நிற்கிறது. செங்கல்லைவிட மென்மையாக இருப்பதுதான் அந்தச் சாந்தின் வேலையே. சுவருக்குள் போன ஈரம் அந்த இடுக்குகள் வழியாக வெளியேறும், உப்பும் அங்கேதான் பூக்கும், சாந்து மெதுவாக உதிரும். ஐம்பது, அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதைச் சுரண்டிப் புதுச் சாந்து வைப்பார்கள். நீங்கள் அந்த இடுக்கைச் சிமென்டால் அடைத்தால் ஈரம் எந்த வழியாகப் போகும்? செங்கல் வழியாக. உப்பு எங்கே பூக்கும்? செங்கல்லில். மேலே சிலிக்கான் வேறு அடித்துவிட்டால் அந்த வழியும் அடைபட்டது. பனிக்காலத்தில் உள்ளே சிக்கிய ஈரம் உறைந்து விரிந்து செங்கல்லின் முகத்தைப் பெயர்க்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சாந்து போனால் மறுபடி வைக்கலாம். 1850-களில் சுட்ட செங்கல் போனால் எந்தச் சூளையில் வாங்குவீர்கள்?

கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் ஊற்றிச் சுண்ணாம்பு அரைத்துக் காரைவீடு கட்டிய ஊர்க்காரர்கள் நாம். லண்டனில் உட்கார்ந்து நான் சுண்ணாம்பின் பெருமையைச் சொல்லவேண்டியிருக்கிறதே என்றிருக்கிறது. “சுண்ணாம்பு அந்தக் காலம் தம்பி, இப்ப சிமென்ட்தான் ஸ்ட்ராங்” என்று ஊரில் கட்டட மேஸ்திரியாக இருந்த பெரியவர் ஒருவரே என்னிடம் வாதாடினார். ஸ்ட்ராங்தான் ஐயா. அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

பாயிண்டிங் செய்தே ஆகவேண்டும் என்றால் கிரைண்டர் கூடாது. விக்டோரியா கால இடுக்குகள் மெல்லியவை, கிரைண்டர் பிளேடு செங்கல் ஓரத்தையும் சேர்த்து வெட்டிவிடும். கையால், மெல்லிய உளியால் எடுக்கவேண்டும், இடுக்கின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழத்துக்கு. சுண்ணாம்புச் சாந்து வைத்ததும் சாக்கு போர்த்தி நனைத்துக் காக்கவேண்டும். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகும் நாட்களில் வேலையே வேண்டாம். நவம்பரில் ஆரம்பித்து கிறிஸ்துமஸுக்குள் முடித்துத் தருகிறேன் என்று சொல்பவருக்குச் சுண்ணாம்பு தெரியாது.

உள்ளே வருவோம். ‘தூபம் போட்டுப் போட்டுத்தான் கறுத்துவிட்டது, அதை நிறுத்தினால் என்ன’ என்று கேட்பவர்கள் உண்டு. ஆல் செயின்ட்ஸ் மாதிரிக் கோயில் கட்டப்பட்டதே அந்த வழிபாட்டுக்காக. புகை வரும் என்று தெரிந்துதான் துடைக்கக்கூடிய கிரானைட்டும் ஓடும் வைத்தார்கள் என்று நினைக்கத் தோன்றுகிறது, இது என் ஊகம். குருவானவர் தூபம் காட்டட்டும். நீங்கள் அந்த ஓடுகளைத் துடைக்கக் கிளம்பாமல் இருந்தால் போதும். ஓட்டின் மேல் படிந்த பிசுக்கை எடுக்கும் நிபுணர்கள் பஞ்சுக் குச்சியும் அயனி நீக்கிய தண்ணீருமாக, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நாள் என்று வேலை செய்வார்கள். சிலசமயம் தண்ணீர்கூட இல்லை, எச்சில்தான். சிரிக்கவேண்டாம், எச்சில் நல்ல சுத்திகரிப்பான், அருங்காட்சியகங்களில் இன்றும் அதுதான் பழக்கம். அந்த இடத்தில் நீங்கள் சமையலறை ஸ்பிரேயும் பச்சை ஸ்கிரப்பரும் கொண்டுபோய் நின்றால் எப்படி இருக்கும்?

பளிங்கில் எலுமிச்சை, வினிகர் எதுவும் படக்கூடாது. பித்தளைக் குத்துவிளக்கையும் சிலுவையையும் பீடத்தில் வைத்தே பாலிஷ் போடாதீர்கள், எடுத்துக்கொண்டுபோய் வெளியே வைத்து பாலிஷ் போடுங்கள், பாலிஷ் கல்லில் இறங்கினால் போகாது. கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை ஓட்டுச் சித்திரத்தின் மேல் செலோடேப் போட்டு ஒட்டாதீர்கள். ப்ளூ டாக் என்ற ஒட்டுப் பசையும் வேண்டாம், அதன் எண்ணெய் கல்லில் ஊறிக் கறையாக நிற்கும். புரொஜெக்டர் ஸ்கிரீனுக்காக யாரையும் கேட்காமல் டிரில் போட்டவர்களைப் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது.

குளிருக்கு கேஸ் ஹீட்டர் கொண்டுவருவதையும் நிறுத்துங்கள். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக அந்த அறைக்குள்ளேயே வரும். ஆராதனை முடிந்து நீங்கள் வீட்டுக்குப் போனபின் அந்த ஆவி குளிர்ந்த சுவரில் தண்ணீராக வடியும். மறுவாரம் அதையே காட்டி “ஓதம் சார்” என்பீர்கள்.

இதெல்லாம் போக, சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஆல் செயின்ட்ஸ் முதல்தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும் கட்டடம். அந்தத் தரத்தில் இல்லாவிட்டாலும், இங்கிலாந்துத் திருச்சபையின் எந்தத் தேவாலயத்திலும் சுவரைத் தொட, மறைமாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். ஃபேகல்டி என்பார்கள். சில்லறைப் பராமரிப்புக்கு மட்டும் விலக்கு. அதற்கு அடுத்த நிலை வேலைக்கு மறைமாவட்டத்தின் மூத்த குருவான ஆர்ச்டீக்கனின் எழுத்து அனுமதி போதும். குருவானவர் வாய்வார்த்தையாகச் சரி என்று சொன்னது அனுமதி ஆகாது, அவருக்கே அந்த அதிகாரம் இல்லை. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கட்டடக்கலைஞர் ஒருவர் ஒவ்வொரு தேவாலயத்தையும் பார்த்து அறிக்கை கொடுக்கவேண்டும் என்பது 1955-இலிருந்து இருக்கும் விதி. அந்த அறிக்கை எங்கே என்று கேளுங்கள். பெரும்பாலும் குருவானவர் அங்கி மாற்றும் அறையான வெஸ்ட்ரியின் அலமாரியில் தூசியோடு இருக்கும், எங்கே தண்ணீர் இறங்குகிறது என்று அதில் ஏற்கெனவே எழுதியிருக்கும்.

வாலிபர்களே, உங்கள் சனிக்கிழமைகளை வீணடிக்கச் சொல்லவில்லை. உழைக்க மனமிருந்தால் வேலை இருக்கிறது, யார் கண்ணிலும் படாத வேலை. ஆர்ச்டீக்கன் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிட்டு, இலையுதிர் காலம் முடிந்ததும் ஒருமுறை, வசந்தம் வந்ததும் ஒருமுறை, கீழே எட்டும் கால்வாய்களையும் சாக்கடை வாய்களையும் அள்ளிவிடுங்கள். உயரத்தில் உள்ளவற்றுக்கு ஏணி போட்டு ஏறாதீர்கள், அதற்கு ஆள் வையுங்கள், அதற்கான பணத்தைச் சபையில் சேர்த்துக் கொடுங்கள். சுவர் ஓரம் முளைக்கும் செடிகளைச் சின்னதாக இருக்கும்போதே வெட்டுங்கள், வேரைப் பிடித்து இழுக்காதீர்கள், சாந்தும் சேர்ந்து வரும். ஒவ்வொரு வருஷமும் ஒரே இடத்தில் நின்று ஒரே சுவரைப் படம் எடுத்துவையுங்கள். இரண்டாவது வருஷம் எனக்குக் கூப்பிடும்போது அந்தப் படங்களை அனுப்பினால், நான் நேரில் வருவதற்கு முன்பே பாதி பதில் சொல்லிவிடுவேன்.

பிரஷர் வாஷரை மட்டும் வாடகைக் கடையில் இன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.